மாநாட்டில் கற்ற பாடம்

ஓர் ஏரியின் நீரால் நூற்றுக்கணக்கான வயல்கள் விளைகின்றன. தன் வயலில் பிழை செய்யும் உழவன் தான் மட்டுமே இழப்பு அடைகின்றான். மடையைத் திறந்து மூடும் நீர்கட்டி பிழை செய்வானாயின், தலைமடை முதல் கடைமடை வரை உள்ள அனைவருடைய பயிரும் வாடும். ஆகவே, பலருக்குப் பொதுவான ஒன்றைக் காப்பவனுக்குப் பொறுப்பு மிகுதி. அறிவும் மிகுதியாக வேண்டும். அவ்வறிவு ஒருவன் தனியே இருந்து தேடிக்கொள்ளக் கூடியது அன்று. இவ்வுண்மையை நான் என் தொழிலில், ஒரு பிழையின் வாயிலாகவும் ஒரு மாநாட்டின் வாயிலாகவும் அறிந்துகொண்டேன்.

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்னும் ஊர்கள் உள்ளன. ஒரு காலத்தில் ஏரிகளும் கழனிகளும் சூழ்ந்திருந்த இவ்வூர்கள் பின்னர்த் தொழிலுக்குப் பெயர் பெற்றன. அம்பத்தூரில் 1949-ஆம் ஆண்டில் டி. ஐ. சைக்கிள் நிறுவனம் தோன்றியது. 1960-களில் அங்கே பெரியதொரு தொழிற்பேட்டை அமைந்தது. ஆவடியில் 1961-இல் கனரக ஊர்தித் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 1965-இல் அங்கிருந்து 'விசயந்தா' என்னும் பீரங்கி வண்டி வெளிவந்தது. இன்று அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் கடைசல் பொறிகள் ஒலிக்கும் பட்டறைகளுக்கு அருகிலேயே கணினி அலுவலகங்கள் மாடி மேல் மாடியாக உயர்ந்து நிற்கின்றன. அவற்றுள் ஒன்றில் நான் பணிபுரிகின்றேன். என் தொழிலுக்கு 'மேசைக்கணினி மெய்நிகராக்கம்' என்று பெயர்.

பெயர் பெரிதாயினும் கருத்து எளியது. பெரும்பாலான அலுவலகங்களில் ஒவ்வொருவர் மேசை மீதும் ஒரு கணினி இருக்கும். அதன் நினைவகம், வட்டு, அதில் எழுதிய கணக்குகள் ஆகிய யாவும் அப்பெட்டிக்குள்ளேயே அடங்கியிருக்கும். எங்கள் அலுவலகத்தில் அவ்வாறு அன்று. குளிரூட்டிய ஓர் அறையில், 'சர்வர்' எனப்படும் ஆற்றல் மிக்க வழங்கிகள் சில உள்ளன. 240 பணியாளர்க்குரிய 240 கணினிகளும் அவ்வழங்கிகளுக்குள்ளேயே இயங்குகின்றன. மேசை மீது இருப்பது திரையும் விசைப்பலகையும் ஒரு சிறு பெட்டியும் மட்டுமே. பணியாளர் ஒரு விசையை அழுத்தினால் அச்செய்தி கம்பி வழியே வழங்கிக்குச் செல்லும். அங்கே எழுத்து உருவாகும். உருவான எழுத்தின் படம் திரும்பி வந்து திரையில் தோன்றும். இவையெல்லாம் கண் இமைக்கும் நேரத்திற்குள் நிகழ்வதால், தம் கணினி தம் மேசையில் இல்லை என்பதையே பணியாளர் உணர்வதில்லை. மெய்யான கணினி போலவே பயன்படுவதால் அதனை 'மெய்நிகர்' என்கின்றோம்.

ஒரு பொறியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் இக்கருத்து நேற்றுத் தோன்றியது அன்று. கணினி ஒன்றின் விலை மிகப் பெரிதாக இருந்த 1960-களில், அமெரிக்காவின் கேம்பிரிட்சு நகரில் இருந்த ஐ. பி. எம். அறிவியல் நடுவத்தினர், ஒரே பெருங்கணினியைப் பல கணினிகள் போல இயங்கச் செய்தனர். 1972-இல் அம்முறை 'வி. எம். 370' என்னும் பெயரில் விற்பனைக்கு அறிவிக்கப்பட்டது. நம் சென்னையில் உள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும் 1973-இல் 'ஐ. பி. எம். 370' வரிசையைச் சேர்ந்த பெருங்கணினி ஒன்று நிறுவப்பட்டது. மாணவரும் ஆசிரியரும் அதனைப் பொதுவாகப் பயன்படுத்தினர். பின்னர்க் கணினியின் விலை குறைந்தது. ஆளுக்கு ஒரு பெட்டி என்னும் காலம் வந்தது. பகிர்வு முறை பலராலும் மறக்கப்பட்டது. 1997-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் சான் மாலோ நகரில் கணினி அறிஞர் மாநாடு ஒன்று கூடியது. அங்கே இசுட்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் மூவர், பழைய முறையைப் புதிய பொறிகளில் மீண்டும் அமைக்க இயலும் என்று காட்டும் கட்டுரையைப் படைத்தனர். அம்மூவரும் வேறு இருவரும் சேர்ந்து மறு ஆண்டே 'விஎம்வேர்' நிறுவனத்தைத் தொடங்கினர். நான் செய்யும் தொழில் இவ்வாறு வளர்ந்து வந்ததாகும். அது மறுபிறவி எடுத்த இடம் ஒரு மாநாடு என்பதை மாணவர்கள் நினைவில் கொள்க.

எங்கள் அலுவலகம் இம்முறையை ஏற்றதற்குக் காரணம் வெள்ளம். 2015-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் பெய்த பெருமழையில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் வெள்ளம் புகுந்தது. எங்கள் அலுவலகத்தின் தரைத்தளத்தில் மேசைகளுக்குக் கீழே இருந்த கணினிகள் பல நீரில் மூழ்கின. அவற்றோடு பல நாள் உழைத்து எழுதிய கணக்குகளும் அழிந்தன. அதன் பின்னரே, கணினிகளை மேல்மாடியில் ஓர் இடத்தில் ஒன்றாக வைத்துக் காப்போம் என முடிவு செய்தனர். அப்பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தனர்.

இம்முறையில் நன்மைகள் பல. 240 கணினிகளையும் தனித்தனியே திருத்த வேண்டுவதில்லை. 'கோல்டன் இமேஜ்' எனத் தொழிலில் வழங்கும் மூலப்படி ஒன்று உண்டு. அதனைத் திருத்தினால், அதன் நகல்களாகிய 240 கணினிகளும் திருந்திவிடும். ஆயின் நன்மை பரவும் வழியே தீமையும் பரவும் அன்றோ? மூலப்படியில் பிழை நேர்ந்தால் அதுவும் 240 மேசைகளையும் சென்று சேரும்.

அவ்வாறு ஒரு பிழையை நானே செய்தேன். 2019-ஆம் ஆண்டில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, மூலப்படியில் சில திருத்தங்கள் செய்தேன். கணினி விழித்தவுடன் நச்சுநிரல் உள்ளதா என அது தன்னைத்தானே சோதிக்கும்படி அமைத்தேன். பத்துப் பேருக்கு முதலில் கொடுத்துப் பார்த்திருக்க வேண்டும். வீடு செல்லும் விரைவில் அதனைச் செய்யாமல் அனைவருக்கும் அனுப்பிவிட்டேன். திங்கட்கிழமை காலை 9 மணிக்கு 240 பேரும் ஒருங்கே பணியைத் தொடங்கினர். அமைதியாகப் பணிபுரியும் ஒரு மேசைக்கணினி வட்டினை நொடிக்குப் பத்து இருபது முறை அணுகும். விழித்தெழும்போதோ பல மடங்கு மிகுதியாக அணுகும். சுழலும் வட்டு ஒன்று நொடிக்கு ஏறத்தாழ 100 முதல் 200 முறையே விடை தர வல்லது. எங்களிடம் இருந்த வட்டுகள் சிலவே. 240 கணினிகளும் ஒரே வேளையில் விழித்து, விழித்தவுடன் தம்மைச் சோதிக்கவும் தொடங்கவே, வழங்கி திணறியது. திரைகள் யாவும் உறைந்து நின்றன. பகல் 11.30 மணி வரை ஒருவரும் ஒரு வரி கூட எழுத இயலவில்லை.

மேலாளர் என்னை அழைத்து, "என்ன நேர்ந்தது?" என்று கேட்டார். "பொறியில் கோளாறு" என்றேன். அது முழுப் பொய் அன்று. முழு உண்மையும் அன்று.

அன்று மாலை, திருநின்றவூரிலிருந்து நாள்தோறும் மின்தொடர்வண்டியில் பட்டரவாக்கம் வந்து பணிபுரியும் பெண்மணி ஒருவர் என்னிடம் வந்தார். எங்கள் அலுவலகத்தில், முடித்த படிவங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப ஊக்கத்தொகை உண்டு. "தம்பி, இன்று என் எண்ணிக்கை பாதியாகக் குறைந்துவிட்டது. பொறி கெட்டதற்கு நாங்கள் என்ன செய்வோம்? நாளையாவது சரியாக இருக்குமா?" என்று கேட்டார். "இருக்கும், அக்கா" என்றேன். அவர் என்னைக் குறை கூறவில்லை. குறை கூறியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

சில வாரங்களுக்குப் பின், இத்துறையில் பணிபுரிவோர் கூடும் இரண்டு நாள் மாநாடு ஒன்று நந்தம்பாக்கத்தில் உள்ள சென்னை வணிக மையத்தில் நடைபெற்றது. அம்பத்தூரிலிருந்து புறவழிச்சாலையில் மதுரவாயலைக் கடந்து, போரூரை அடைந்து, பூந்தமல்லியையும் பரங்கிமலையையும் இணைக்கும் சாலை வழியே அங்குச் சென்றேன். எங்கள் பகுதியில் மாநாடு என்றதும் பலரும் எண்ணுவது, 1955-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் யு. என். தேபர் தலைமையில் ஆவடியில் கூடிய காங்கிரசு மாநாட்டையே ஆகும். சமதர்ம முறையில் அமைந்த சமுதாயமே நாட்டின் குறிக்கோள் என அம்மாநாடு தீர்மானித்தது. நாட்டின் போக்கை வகுப்பவை அத்தகைய பெருமாநாடுகள். ஒரு தொழிலின் போக்கைத் திருத்துபவை என் போன்றோர் கூடும் சிறு மாநாடுகள்.

மாநாட்டு மண்டபத்தின் முன்புறம் திருவிழாக் கடைத்தெரு போல விளங்கியது. பொறி செய்யும் நிறுவனங்கள் தத்தம் பொருள்களை ஒளி விளக்குகளின் கீழே பரப்பி வைத்திருந்தன. "எங்கள் வட்டு விரைவானது," "எங்கள் மென்பொருள் என்றும் தவறாதது" என்று ஒவ்வொருவரும் கூறினர். அட்டைப் பைகளும் எழுதுகோல்களும் கொடுத்தனர். முதல் நாள் முழுவதும் அவற்றைச் சுற்றிப் பார்த்தேன். பை நிறைந்தது, மனம் நிறையவில்லை. தவறாத பொறிகளைப் பற்றிக் கூறியோர் பலர். தவறிய மனிதனுக்கு வழி கூறியவர் ஒருவரும் இலர்.

இரண்டாம் நாள் பிற்பகலில், மண்டபத்தின் ஒரு மூலையில் இருந்த சிறிய அறையில் கலந்துரையாடல் நடைபெற்றது. நாற்பது பேர் இருந்திருப்போம். கோவையில் ஒரு மருத்துவமனையின் கணினிப் பொறுப்பாளராகிய முதியவர் முதலில் எழுந்தார். அவர் தம் வெற்றிகளைக் கூறவில்லை. "என் கவனக்குறைவால் ஒரு நாள் காலை எங்கள் மருத்துவமனையில் கணினிகள் யாவும் இரண்டு மணி நேரம் நின்றன. நோயாளிகள் மருந்துச் சீட்டுக்காகக் காத்திருந்தார்கள். அதைப் பற்றியே பேசப்போகின்றேன்" என்றார். அறை அமைதியாயிற்று.

அவர் கூறியது என் கதையே. பல கணினிகள் ஒருங்கே விழிப்பதால் நேரும் இந்நெருக்கடிக்குத் தொழிலில் 'பூட் ஸ்டார்ம்', அதாவது 'தொடக்கப் புயல்', என்று பெயர் இருப்பதை அன்று முதன்முறையாக அறிந்தேன். நான் எனக்கு மட்டும் நேர்ந்த இழிவென்று மறைத்து வைத்திருந்தது, உலகெங்கும் பலருக்கு நேர்ந்து, பெயரும் பெற்று, மருந்தும் காணப்பட்ட நோயாக இருந்தது!

அம்முதியவர் தொடர்ந்தார்: "நான் உழவர் குடியில் பிறந்தவன். கோடையில் வாய்க்காலில் நீர் குறைந்தால் எங்கள் ஊரில் முறை வைப்பார்கள். இன்று மேலைத் தெரு வயல், நாளை கீழைத் தெரு வயல் என்று நீர் பாயும். எல்லோரும் ஒரே நாளில் மடையை வெட்டினால் ஒருவர் வயலும் நனையாது. கணினிக்கும் நான் அம்முறையையே வைத்தேன்." பிறகு தாம் செய்தவற்றை ஒவ்வொன்றாக விளக்கினார். பணியாளர் வருவதற்கு முன்பே கணினிகளைச் சிறு சிறு பிரிவுகளாக விழிக்கச் செய்தல் ஒன்று. நச்சுநிரல் சோதனையை இரவில், முறை வைத்து நடத்துதல் மற்றொன்று. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான மூலப்படியின் பகுதிகளை விரைவான நினைவகத்தில் வைத்து, வட்டினை மீண்டும் மீண்டும் அணுகாதவாறு தடுத்தல் மூன்றாவது. எந்தத் திருத்தத்தையும் முதலில் பத்துப் பேருக்கு மட்டும் கொடுத்துச் சில நாள் பார்த்த பின்னரே பிறருக்கு வழங்குதல் நான்காவது. பழைய மூலப்படியை அழிக்காமல் வைத்திருந்து, தேவையானால் உடனே அதற்குத் திரும்புதல் ஐந்தாவது.

"இங்கே வேறு யாருக்கேனும் இவ்வாறு நேர்ந்ததுண்டா?" என்று அவர் கேட்டார். சிறிது நேரம் ஒருவரும் அசையவில்லை. என் நெஞ்சு படபடத்தது. என் அலுவலகத்தாரிடம் மறைத்ததை முன்பின் அறியாதவரிடம் எவ்வாறு கூறுவது? ஆயினும் அம்முதியவரின் நரைத்த தலையையும், அவர் நாணமின்றித் தம் பிழையைக் கூறிய பாங்கையும் கண்டபோது, என் கை தானே உயர்ந்தது. எழுந்து நின்று நடந்ததைக் கூறினேன். வெள்ளிக்கிழமை மாலையின் விரைவையும் மறைக்கவில்லை. ஒருவரும் நகைக்கவில்லை. எனக்குப் பின் மேலும் பலர் எழுந்து தத்தம் தவறுகளைக் கூறினர். அந்த ஒன்றரை மணி நேரத்தில் நான் கற்றது, அதற்கு முந்திய மூன்றாண்டுகளில் கற்றதினும் மிகுதி.

அங்கே நான் கொண்டதோடு சிறிது கொடுக்கவும் செய்தேன். ஓர் இளம்பெண், தம் அலுவலகத்து மெய்நிகர்க் கணினிகளில் தமிழில் தட்டச்சு செய்தால் எழுத்துகள் சிதைந்து வருவதாகக் கூறினார். 1999-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டின் பயனாக 'தமிழ்99' என்னும் பொது விசைப்பலகை நமக்குக் கிடைத்தது. உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்யெழுத்துகள் வலக்கையிலும் அமைந்த அவ்விசைப்பலகையை நான் நன்கு அறிவேன். மேசையில் உள்ள பெட்டி, வழங்கியில் உள்ள கணினி ஆகிய இரண்டிலும் தமிழ் எழுதியை இயக்கினால், ஒன்று மாற்றியதை மற்றொன்று மீண்டும் மாற்ற முயலும்; ஓரிடத்தில் மட்டும் இயக்க வேண்டும் என்று கூறினேன். அவர் மகிழ்ந்து குறித்துக்கொண்டார். அயல்நாட்டு நூல்களில் காணக் கிடைக்காத இத்தகைய சிறு செய்திகளை நாம் ஒருவர்க்கொருவர் கூறாவிடின், வேறு யார் கூறுவர்?

மறுநாள் அலுவலகம் சென்றதும் முதல் வேலையாக மேலாளரைக் கண்டேன். "அன்று பொறி கெடவில்லை, ஐயா. பிழை என்னுடையது" என்று தொடங்கி முழுவதையும் கூறினேன். அவர் கடிந்துகொண்டார், கடிந்துகொள்ள அவருக்கு உரிமை உண்டு. பின்னர், "பணியாளர் பிழை இல்லையென்பதால் அன்றைய எண்ணிக்கையை அவர்களுடைய கணக்கில் குறைவாகக் கொள்வது முறை அன்று" என்று கூறி, அத்திங்களின் சராசரியையே அந்நாளுக்கும் இடுமாறு ஆணையிட்டார். நான் உண்மையை மறைத்தவரை 240 பேருடைய உழைப்பின் பயனும் அதனோடு சேர்ந்து மறைந்து கிடந்தது என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

அன்று மாலையே திருநின்றவூர்ப் பெண்மணியிடம் சென்றேன். "அக்கா, அன்று தவறியது பொறி அன்று, நான்தான்" என்றேன். அவர் சிறிது நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "சொன்னாயே தம்பி, அது போதும்" என்றார்.

பின்னர்க் கணினிகளுக்கு முறை வைத்தேன். காலை 7 மணி முதல், ஐந்து நிமிடத்துக்கு ஒரு பிரிவாக, இருபது இருபது கணினிகள் விழிக்கும். 8 மணிக்குள் பன்னிரண்டு பிரிவுகளும் விழித்துவிடும். பணியாளர் வந்து அமரும்போது திரைகள் அவர்களுக்காகக் காத்திருக்கும். வெள்ளிக்கிழமைகளில் மூலப்படியைத் தொடுவதில்லை என்பதையும் எனக்கு ஒரு நோன்பாகக் கொண்டேன்.

2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25-ஆம் நாள், கொரோனா நோயின் காரணமாக நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. மின்தொடர்வண்டிகள் நின்றன. எங்கள் பணியாளர் ஆவடியிலும் பட்டாபிராமிலும் பூந்தமல்லியிலும் தத்தம் இல்லங்களில் இருந்தனர். ஆயினும் அவர்களுடைய கணினிகள் அம்பத்தூர் வழங்கியில் இருந்தமையால், எங்கிருந்தும் அவற்றை அணுக இயன்றது. இணைய வசதி இல்லாத சிலருக்குத் தொடக்கத்தில் தொல்லை நேர்ந்தது. அதுவும் சில நாளில் தீர்ந்தது. வீட்டிலிருந்து பணிபுரிந்த முதல் நாள் காலை, ஆளற்ற கூடத்தில் வழங்கியின் முன் நான் ஒருவனே அமர்ந்திருந்தேன். முறைப்படி கணினிகள் விழித்தன. 9 மணிக்கு ஒவ்வொருவராகத் தத்தம் இல்லத்திலிருந்து இணைந்தனர். புயல் எழவில்லை. நந்தம்பாக்கத்துச் சிறிய அறையையும் அம்முதியவரையும் நன்றியோடு நினைத்துக்கொண்டேன்.

மாணவர்களே! நாளை நீங்கள் பல்வேறு தொழில்களில் ஈடுபடுவீர்கள். உங்களுள் சிலர் பலருக்குப் பொதுவான ஒன்றைக் காக்கும் பொறுப்பினை ஏற்பீர்கள். அது மின்நிலையமாக இருக்கலாம், குடிநீர்த் தொட்டியாக இருக்கலாம், கணினியாகவும் இருக்கலாம். ஒத்த தொழிலினர் கூடும் இடத்திற்குச் செல்ல வாய்ப்புக் கிடைப்பின் தவறாது செல்லுங்கள். செல்லும்போது உங்கள் வெற்றிகளை மட்டும் எடுத்துச் செல்லாதீர்கள். தவறுகளையும் எடுத்துச் செல்லுங்கள். ஒருவர் மறைத்த தவறு அவரையும் பிறரையும் வருத்தும். ஒருவர் உரைத்த தவறோ, கேட்டவர் அனைவருக்கும் பாடமாகும்.

பயிற்சி

1. மேசைக்கணினி மெய்நிகராக்கம் என்பது யாது? அதன் நன்மை ஒன்றும் தீமை ஒன்றும் கூறுக.
2. ஒரு பொறியைப் பலர் பகிரும் முறை வளர்ந்த வரலாற்றைச் சுருக்கி வரைக.
3. 'தொடக்கப் புயல்' எவ்வாறு எழுகின்றது? அதனைத் தடுக்க முதியவர் கூறிய ஐந்து வழிகள் யாவை?
4. "பை நிறைந்தது, மனம் நிறையவில்லை." ஆசிரியர் இவ்வாறு கூறக் காரணம் என்ன?
5. "சொன்னாயே தம்பி, அது போதும்." யார், யாரிடம், எப்போது கூறியது?
6. ஏரிப் பாசனத்திற்கும் பொதுக் கணினிக்கும் உள்ள ஒப்புமையை ஒரு பத்தியில் எழுதுக.
7. உங்கள் தவறு ஒன்றினால் பிறருக்கு இழப்பு நேர்ந்து, அதனை நீங்கள் ஒப்புக்கொண்ட நிகழ்ச்சியைக் கட்டுரையாக வரைக.